பண்ணைக்கீரையில் வெள்ளி

எனக்கு வரையத் தெரியும் என்று இருபத்து நாலு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பக் காரணமும் இருந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காலண்டர் படங்களுக்கு நிறம் சரிசெய்கிற வேலை என்னுடையது. முருகனுடைய மயிலுக்குப் பச்சை ஏற்றியிருக்கிறேன். லட்சுமியின் தாமரைக்குச் சிவப்புக் கூட்டியிருக்கிறேன். பழைய படத்தை ஸ்கேன் செய்தால் தூசி புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும். அதைத் தேடித்தேடி அழிப்பதில் எங்கள் செக்‌ஷனில் என்னை மிஞ்ச ஆளில்லை. இலை என்றால் சயான் என்கிற நீலம் எழுபது சதவீதம், மஞ்சள் நூறு. அதற்கு மேல் ஓர் இலையில் என்ன இருந்துவிடப் போகிறது?

போன புரட்டாசியில், போனைத் தள்ளிக்கொண்டே இருந்தபோது, பருவகாலச் செடிகளைப் பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் வரையக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஆன்லைனில், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. யோசிக்கவே இல்லை, சேர்ந்துவிட்டேன். எதிலுமே நான் அப்படித்தான். ஜப்பானிய மொழி, கேக் செய்வது, சைக்கிளிலேயே கன்னியாகுமரி என்று நான் ஆரம்பித்து வைத்தவை வீடெல்லாம் கிடக்கின்றன.

"இது எத்தனை நாளைக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னெண்டு வாரம்."

"அவுக சொன்னதக் கேக்கல. ஒனக்கு எத்தனை நாளைக்கு?"

ஆசிரியை சென்னையில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கேமராவில் முகத்தைவிட அவருடைய கைகளைத்தான் அதிகம் பார்த்தோம். முதல் வகுப்பில், கையில் கிடைக்கிற ஓர் இலையை உள்ள அளவிலேயே வரையச் சொன்னார். வாசல் செம்பருத்தியில் ஒன்றைப் பறித்துப் பத்தே நிமிஷத்தில் வரைந்து, குழுவில் முதல் ஆளாகப் போட்டுவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"நரம்பு எத்தனை?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஏழேழு மேடம்."

"அது படத்துல. இலையில?"

எண்ணினேன். ஒரு பக்கம் நாலு, இன்னொரு பக்கம் ஐந்து. ஒன்றுக்கொன்று நேராகவும் இல்லை. ஓரத்தில் சுற்றிச் சுற்றிப் பல் வைத்திருந்தேன் நான். இலையிலோ அடிப்பக்கம் பல்லே இல்லை, பாதிக்கு மேல்தான் தொடங்குகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் நான் செருப்பு மாட்டும்போது தோளில் உரசுகிற செடி அது.

"நீங்க இலையைப் பாக்கல. இலைன்னு மனசுல வச்சிருக்கறத வரைஞ்சிட்டீங்க," என்றார். திட்டுகிற குரலே இல்லை. அதனால்தான் இன்னும் சுட்டது.

நீர்வண்ணம் வேறு மாதிரி அதிர்ச்சி. தண்ணீர் கொஞ்சம் கூடிப்போய் நிறம் கோட்டைத் தாண்டி ஓடியது. என் இடது கை தானாக மேஜையில் கன்ட்ரோலையும் இசட்டையும் தேடியது. கம்ப்யூட்டரில் எந்தத் தப்பையும் இரண்டு விரலால் திரும்பப் பெற்றுவிடலாம். இங்கே தாள் தன் பாட்டுக்குக் காய்ந்தது. தப்பும் சேர்ந்து காய்ந்தது. அன்றைக்கு நான் நிஜமாகவே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் விடவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், ஞாயிறு முழுநாள். கவராயத்தால் இலையை அளந்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் நாள், இடம், அன்றைக்கு வெயிலா மழையா எல்லாம் குறித்தேன். ஆசிரியை அதில் கறாராக இருந்தார். கருப்பு வண்ணத்தைக் குழாயிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது, வெள்ளை வண்ணமே கூடாது, வெளிச்சம் வேண்டுமானால் தாளைச் சும்மா விட வேண்டும். இதெல்லாம் அவருடைய சட்டங்கள். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. அச்சகத்தில் முதலாளி "பச்சைய இன்னுங் கொஞ்சம் ஏத்துமா, காயிற மாதிரி இருக்கு" என்று என் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லும்போதெல்லாம், அண்ணாச்சி, இலையில அவ்வளவு பச்சை கிடையாது என்று நாக்கு நுனிவரை வரும்.

செடிகள் அம்மா மூலமாக வந்தன.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. அம்மா ஊருக்கு வெளியே உள்ள பட்டாசு ஆலையில் பேன்சி ரகங்களுக்கு மருந்து அடைக்கிற அறையில் வேலை செய்கிறாள். வெடிக்கலவையை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். அப்பாவுக்குக் கேரளாவில் ஓட்டல் வேலை, பொங்கலுக்குத்தான் வருவார். பட்டாசு ஆலையில் கட்டிடம் எல்லாம் சின்னச் சின்ன அறைகளாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவில் நிறைய இடம் விட்டு நிற்கும். ஓர் அறையில் ஏதாவது ஆனால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக. தீபாவளி முடிந்ததும் ஆலையைச் சில வாரம் அடைத்துவிடுவார்கள். அப்போதுதான் எங்கள் பக்கம் மழையும் பிடிக்கும். திரும்பப் பூஜை போட்டுத் திறக்கும்போது, அறைக்கும் அறைக்கும் நடுவில் இடுப்புயரத்துக்குச் செடி நிற்கும். தொய்யக்கீரை, சாரணை, எல்லாவற்றையும்விட அதிகமாகப் பண்ணைக்கீரை. புல்லை வெட்டுகிற ஆட்கள் வருவதற்குள் சாப்பாட்டு வேளையில் பெண்கள் கொழுந்தாகக் கிள்ளிக்கொள்வார்கள். அம்மாவும் தூக்குவாளிப் பையில் அமுக்கிக்கொண்டு வருவாள்.

கீரை எனக்காக வரவில்லை, அக்காவுக்காக வந்தது. அக்காவை விருதுநகரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. வளைகாப்பு முடித்து ஏழாம் மாதத்தில் அழைத்து வந்திருந்தோம். அவளுடைய மாமியாருக்கு அனுப்ப மனசே இல்லை. "பெரியாஸ்பத்திரி எங்க வீட்டுக்கு நாலு எட்டு. அந்தக் காட்டுக்குள்ள போயி எதுக்கு?" என்றார்கள். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திச் சொல்லித்தான் கூட்டி வந்தாள். ஊர் நர்ஸ் அக்காவுக்கு ரத்தம் கம்மி, தினமும் கீரை கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

பையைக் கவிழ்த்ததும் நான் பாய்ந்துபோய் இருப்பதிலேயே நல்ல கொப்பை உருவிக்கொள்வேன்.

"எம்மா, இவ எஞ்சோத்துல கை வைக்கிறா!" என்பாள் அக்கா.

"ஒரே ஒரு கொப்புக்கா. வரைஞ்சிட்டுத் தந்துருதேன்."

"நீ வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள எம்பிள்ள பள்ளிக்கூடம் போயிரும்."

பண்ணைக்கீரை எனக்குப் பிடித்துப்போனது. இலை மாற்றி மாற்றி ஏறும். தண்டில் வரிவரியாக மேடு, அதில் சிவப்பு ஓடும். உச்சியில் கதிர் மாதிரிப் பூ. நுனியில் ரோஜா நிறம், கீழே வரவர வெளுத்துக் காய்ந்த காகிதம்போல் மினுங்கும். அதோடு அந்த இலை. மேல்பக்கம் பச்சைக்கு மேலே மெல்லிய வெள்ளிச் சாம்பல் ஒன்று ஓடுகிறதே, அதைப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பச்சையை முதலில் நீர்க்கப் பூசி, காயவிட்டு, நீலமும் பழுப்பும் கலந்த ஒரு சாம்பலை நரம்புகளுக்கு நடுவில் மட்டும் படரவிட்டு, ஊசிமுனை அளவு தாளைச் சும்மா விட்டு மினுக்கத்தைக் கொண்டுவந்தேன். மூன்று வாரம். ஒன்பது தாள். கடைசியில் வந்தே விட்டது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் இலை மினுங்கியது.

அம்மா வேலை விட்டு வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "அப்படியே இருக்கே," என்றாள். அம்மா அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

தாளின் ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்: 'இளம் இலை நல்ல பச்சை. முதிர்ந்த இலை வெள்ளிச் சாம்பல்.' பெரிய தாவரவியல் நிபுணர் மாதிரி.

ஆசிரியை அந்தப் படத்தை நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "கை நல்லா வந்திருக்கு. ஆனா இந்தச் செடிக்கு இலை இப்படி இருக்கறதா நான் பாத்ததே இல்ல. பூ வெள்ளியா இருக்கும், சரி. இலை?" என்றார். பிறகு என் தாள்களை வரிசையாக வைக்கச் சொன்னார். "இந்த ஒரு தாள்ல மட்டும் பெரிய இலைகூடப் பச்சையா இருக்கே, ஏன்?"

குறிப்பைப் பார்த்தேன். இரண்டு நாள் அடைமழைக்கு மறுநாள் வரைந்தது. அதை மட்டும் சொன்னேன்.

"வேற எடத்துல இதே செடி கிடைச்சா ஒண்ணு வரைஞ்சு பாருங்க," என்றார்.

மறுநாள் சிவகாசி பஸ் ஏறுவதற்கு முன்னால், சாத்தூர் ரோட்டோரக் கரிசல் காட்டுக்குள் இறங்கி நடந்தேன். சோளத்தின் ஓரத்தில் பண்ணைக்கீரை கூட்டமாக நின்றது. அதே தண்டு, அதே வரி, அதே கதிர். இலையோ சின்னது பெரியது எல்லாமே பச்சை. ஒரு துளி வெள்ளி இல்லை. அடியிலையைத் திருப்பிப் பார்த்தேன், முற்றிப்போன இலையைத் தேடிப் பார்த்தேன். பச்சைதான்.

அங்கேயே வரப்பில் நின்றபடி எனக்குள் ஓர் எண்ணம் குதித்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, என்றாலும் சொல்கிறேன். நான் ஒரு புது வகையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்! எங்கள் ஊர் ஆலைக்குள் மட்டும் முளைக்கிற, வெள்ளி இலை கொண்ட பண்ணைக்கீரை. பஸ்சில் உட்கார்ந்து அதற்குப் பெயர்கூட யோசித்தேன். எனக்கு எது தெரிந்தாலும் அடுத்த நிமிஷம் நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ஆச்சரியக்குறிகளோடு ஆசிரியைக்கு அனுப்பினேன்.

ஞாயிறு மதியம் பதில் வந்தது. ஒரே வரி.

"இலையைக் கழுவிப் பாத்தீங்களா?"

கழுவவில்லை. மூன்று வாரமாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அளந்திருக்கிறேன், நரம்பு எண்ணியிருக்கிறேன். கழுவவில்லை.

முதல்நாள் சனிக்கிழமை அம்மா கொண்டுவந்த கீரை அடுக்களையில் இருந்தது. பாதியை அக்கா ஆய்ந்து அடுப்பில் ஏற்றியிருந்தாள். மிச்சத்தை என் மேஜைக்கு எடுத்து வந்து, தட்டில் தண்ணீர் ஊற்றி, ஓர் இலையைப் பெருவிரலால் மெதுவாகத் தேய்த்தேன். தண்ணீரின் மேல் மீன் செதில் போல ஒரு படலம் விரிந்தது. அடியில் இலை வந்தது. கரும்பச்சை. சாத்தூர் ரோட்டு இலையேதான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இன்னோர் இலையை நனைத்து, என் நல்ல தாள் ஒன்றின் மேல் வைத்து இழுத்தேன். சாம்பல் கோடு ஒன்று விழுந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் மினுங்கியது. ஒன்பது தாளில் நான் தவம் கிடந்து கொண்டுவந்த மினுக்கம், ஒரே இழுப்பில்.

தூசியையே தேடி அழிக்கிற வேலையில் இருக்கிறவள் நான்.

அக்கா அடுக்களையிலிருந்து, "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஒக்காந்துறாத, அலசி இங்கிட்டுக் கொண்டா," என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை எனக்கு இது என் படத்தைப் பற்றிய விஷயமாகவே இருந்தது. அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவருகில் நின்றாள். ஆலை திறந்ததிலிருந்து தினமும் இதைத் தின்றவள்.

"அக்கா, அடுப்ப அமத்து."

"எதுக்கு?"

"அமத்துக்கா!"

சத்தத்தில் அம்மா உள்ளே வந்துவிட்டாள். தாளைக் காட்டினேன். தட்டைக் காட்டினேன். அம்மா அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதிர்ச்சியே இல்லை.

"அலுமினியப் பொடி. நாங்க மருந்து அடைக்கிற ரூம் பக்கம் அப்படித்தான் கெடக்கும். அதுக்குத்தான் நாலு தண்ணி ஊத்தி அலசுறேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஏன், ஒனக்குத் தெரியாதா? வெள்ளி வெள்ளியா வரைஞ்சு வச்சிருக்க. தெரிஞ்சுதான் வரையிறன்னு நெனச்சேன்." தாளை என்னிடமே தள்ளி, "அழகா இருக்கேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.

'அப்படியே இருக்கே' என்று அவள் சொன்னது எதை என்று இப்போதுதான் விளங்கியது. அம்மாவின் காது மடிப்பில், கணுக்காலில், தலை வகிட்டில் இந்த வெள்ளியை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது பொடி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அது இலையிலும் போய் உட்காரும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"நாலு தண்ணி ஊத்துனா போயிருமா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா மிச்சக் கீரையை எடுத்தாள். குடத்தைச் சாய்த்து, பாத்திரம் மாற்றி மாற்றி, ஒரு தண்ணீர், இரண்டு, மூன்று, நாலு. தன் வழக்கம் மாறாமல் அலசினாள். ஓர் இலையை எடுத்து அவளே என் தாளில் இழுத்தாள். முதல் கோட்டைவிட மெலிதாக இருந்தது. ஆனால் இருந்தது. நரம்புப் பள்ளத்தில் தங்கியிருந்தது போல. சின்ன மணிமணியாக விழுந்திருந்தது.

அம்மா அந்தக் கோட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். அடுப்புப் பக்கம் போய்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"எம்மா, இங்க வா," என்றாள் அக்கா. அவள் எப்போதுமே என்னைவிட நிதானம். அம்மாவின் கையைப் பிடித்து, தட்டுத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையைத் தாளில் வைத்து அழுத்தினாள்.

"ஏடி, குளிச்சிட்டேன்டி. ரெண்டு தடவை குளிச்சிட்டேன்," என்றாள் அம்மா.

கையை எடுத்தாள். ரேகைகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் நூல் மாதிரி, சாம்பலாக. ஞாயிற்றுக்கிழமை அது. அம்மா ஆலைக்குப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

மூன்று பேரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றோம்.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். அம்மா அரைநாள் விடுப்புப் போட்டாள். டாக்டரம்மா சின்ன வயதுதான். எல்லாவற்றையும் நானே முந்திக்கொண்டு சொன்னேன்: இலை, பொடி, நாலு தண்ணீர். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எத்தனை நாளா சாப்பிடுறீங்க?"

"ஒரு மாசம் இருக்கும்," என்றாள் அக்கா.

"கீரைய இன்னையோட நிறுத்துங்க. ரத்தம் எடுத்துப் பாப்போம். அதுல எல்லாம் தெரியும்னு சொல்ல மாட்டேன். பொடியப் பாக்குற வசதி இங்க கெடையாது. பயந்துக்கிட்டே இருக்காதீங்க. ஆனா அந்தப் பொடி படுற எடத்துல நீங்க இருக்கக் கூடாது. பொறந்த பச்சக் கொழந்த கண்டிப்பா இருக்கக் கூடாது."

"நாங்க ஆலைக்குள்ள இல்ல டாக்டரம்மா, வீடு ஊருக்குள்ள இருக்கு," என்றேன்.

அம்மா என் கையைத் தொட்டு நிறுத்தினாள். "வீட்டுக்கு நான் வாரேன்ல," என்றாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அம்மா தன் சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று இரண்டு நாளில் சொன்னார்கள். நான் பெருமூச்சு விட்டேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் வராமல், வாசலுக்கு வெளியே நின்றபடி என் போனை வாங்கினாள். அக்காவின் மாமியாரைக் கூப்பிட்டாள்.

"மதினி, நல்லாருக்கீகளா… ஆமா… நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி மதினி. பெரியாஸ்பத்திரி பக்கத்துல இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க."

தலைப்பிரசவத்துக்காக நாலு பேர் முன்னால் குரல் உயர்த்திய அம்மாவா இது? உள்ளே அக்கா அழத் தொடங்கியிருந்தாள். "நான் என்னமா செஞ்சேன், என்னை ஏன் அனுப்புற?"

"நீ ஒண்ணும் செய்யல. நான் வேலைக்குப் போகாம இருக்க முடியுமா? இல்ல, போயிட்டு வீட்டுக்கு வராம இருக்க முடியுமா? சொல்லு, எதை நிறுத்த?"

போன வாரம்வரை இந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வியே இல்லை. ஓர் இலையைக் கழுவி நான்தான் அதைக் கொண்டுவந்திருந்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏ, வாயாடி. இந்தப் பொடிக் கதைய அங்கன அவுத்து விட்றாத. அப்புறம் பிள்ளைய இந்த வாசல மிதிக்க விட மாட்டாக."

ஞாயிற்றுக்கிழமை அத்தான் காரோடு வந்தார். அம்மா அக்காவின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். வழக்கமாக வயிற்றைத் தடவிப் பார்க்காமல் விட மாட்டாள். அன்றைக்கு இரண்டடி தள்ளியே நின்றாள்.

வகுப்பின் கடைசிப் படத்துக்குச் சாத்தூர் ரோட்டுச் செடியை வரைந்தேன். பொடி படிந்த இலையையே வரையட்டுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். "தூசி செடியோட குணம் இல்லையே. இந்தப் படத்தப் பாத்து யாராவது செடிய அடையாளம் காணணும்," என்றார். சரிதான். தண்டின் வரி, இலை ஏறும் முறை, கருப்பு விதை என்று எல்லாம் சுத்தமாக வரைந்தேன். குழுவில் எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம் வராததுதான் ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷப்படுவதில் நான் ஒருநாளும் தாமதித்தவள் இல்லை.

தை மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை, குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அம்மா உடனே கிளம்பவில்லை. ஐந்து நாள் விடுப்புப் போட்டாள். ஐந்து நாளும் காலையிலும் சாயங்காலமும் சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். ஆலைக்கு ஒருநாளும் கட்டாத சேலை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ஆறாம் நாள் விருதுநகருக்குப் போனோம்.

அக்காவின் மாமியார் வீட்டில் கூட்டமாக இருந்தது. தொட்டில் பக்கத்தில் போய் நின்ற அம்மா, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, பேத்தி கறுப்பாப் பொறந்துட்டான்னு தூக்க மாட்டீகளோ?" என்றார்கள் மாமியார்.

"சளி புடிச்சிருக்கு மதினி."

"கொரலு கணீர்னுதான இருக்கு." அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். சிரிப்பு போயிருந்தது. "ஏம்மா, நீ படிச்ச பிள்ள, நீ சொல்லு. ஒங்கம்மாவுக்கு எங்க மேல என்ன கோவம்? சண்ட போட்டுக் கூட்டிப் போனாக, எட்டாம் மாசத்துல திருப்பி அனுப்புனாக. இப்ப பேத்தியத் தொட மாட்டேங்குறாக. ஊருல எங்களக் கேக்குறாக, தெரியுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் தொட்டிலைப் பார்த்தாள். உண்மை எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அம்மா மேல் உள்ள பழி போய்விடும். சொன்னால் இந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வராது. என் வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினேன்.

"எங்கம்மாவுக்குப் பச்சப்பிள்ளையத் தூக்கப் பயம் அத்தை," என்றேன். "கழுத்து நிக்காதாம். என்னையே மூணு மாசம் தொடலையாம். அப்பாதான் தூக்குவாராம்."

"இது நல்ல கதையா இருக்கே! ரெண்டு பெத்தவுகளுக்குப் பயமா?" மாமியார் சிரித்தேவிட்டார்கள். கூட்டமும் சிரித்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து, "ஒக்காருமா," என்றாள்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து துவைத்து மடித்த துண்டு ஒன்றை எடுத்து மடியில் விரித்தாள். அக்கா அதன்மேல் குழந்தையைக் கிடத்தினாள். அம்மாவின் கைகள் இரண்டு பக்கமும் காற்றிலேயே நின்றன. பிறகு ஒரு கை மெதுவாக இறங்கித் துண்டின் ஓரத்தைப் பிடித்தது. ஒரு விரல் தப்பி அந்தச் சின்னக் கைக்குள் போனது. குழந்தை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. குழந்தை தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, பிடித்த விரலை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனது.

"ஏய்!"

அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். அம்மா அதற்கு முன்பே விரலை வெடுக்கென்று இழுத்திருந்தாள். குழந்தை பதறி வீறிட்டது. மாமியார் கையிலிருந்த காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றார்கள்.

"என்ன? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மதினி," என்றாள் அம்மா, விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு. "நகம் வெட்டல. பிள்ளைக்குக் கீறிரும்."

முதல்நாள்தான் வெட்டியிருந்தாள். சதையோடு ஒட்ட ஒட்ட, பத்து விரலும். ரத்தம் வந்த விரலுக்கு நான்தான் மஞ்சள் வைத்தேன்.